நாலு இன்ச் உயரம்

எங்கள் ஊரில் பல் செட் செய்து தரும் லேப் ஐந்தாறு இருந்தும், பதினெட்டு வருஷமாக நான் ஒருவரிடம் மட்டும்தான் வேலை அனுப்பினேன். அவர் செய்த செட்டை மாட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். மற்ற லேப் என்றால் மறுநாள் காலையே, "டாக்டரம்மா, இந்தப் பக்கம் குத்துது, அந்தப் பக்கம் உரசுது" என்று வாயைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இவருடையதில் அந்தப் பேச்சே கிடையாது. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் மெழுகை உருக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற மனுஷன். தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒல்லியான ஆள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவார். அதிகம் பேசமாட்டார். அவரைப் பேசவைக்க ஒரே வழி, அவருடைய ஜீப்பைப் பற்றிக் கேட்பது. ஒருநாள் என் கிளினிக்கில் பல் பிடுங்க வந்த ஒருவர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். அரை மணி நேரம் கியர் பாக்ஸ் கதை ஓடியது. அந்த ஆள் வலியை மறந்து, பல்லையும் பிடுங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த ஜீப் ஒரு கல் குவாரியில் ஓடி ஓய்ந்து, பின்பக்கம் செடி முளைத்துக் கிடந்த வண்டி. இவர் வாங்கும்போதே அதற்கு இருபத்தாறு வயது. லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது அவர் மனைவி வெளியே வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்டியரிங் எதுக்குங்க? நாலு பேர் தூக்கிட்டுப் போனா போகுது" என்றாராம்.

மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம், எந்த டிரைவர் என்ன சாக்குச் சொன்னான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "எங்க டிப்போல ஒரு டிரைவரும் இதுவரைக்கும் தப்பு பண்ணினதே இல்லை, டாக்டர். எல்லாத் தப்பும் பிரேக்தான் பண்ணும்" என்பார். தெருவே அவரை அக்கா என்று கூப்பிடும். காரணம் அவருடைய தம்பி. காலையில் எழுந்ததிலிருந்து "அக்கா, என் சட்டை எங்க? அக்கா, என் பூட்ஸ் எங்க?" என்று அவன் மாடியிலிருந்து கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்படியே அவர் தெருவுக்கெல்லாம் அக்கா ஆனார், அவன் தெருவுக்கெல்லாம் தம்பி ஆனான்.

அக்காவுக்குப் பத்தொன்பது வயசு, தம்பிக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். வளர்த்தது அக்காதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி என்கூடத்தான் இருப்பான்" என்று முதலிலேயே சொல்லிவிடுவாராம். வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்களாம். பல்செட்டுக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டு மாடி ரூம்ல வெளிச்சம் நல்லா வரும். அவன் படிக்க வசதியா இருக்கும்" என்றாராம். அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

அந்த ரூமில் படித்துத்தான் தம்பி மாட்டு வைத்தியர் ஆனான். மலைப்பக்கம் இருக்கும் பண்ணைகளெல்லாம் அவன் பொறுப்பு. முப்பத்து நாலு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. "மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கையை விடறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று அக்கா அலுத்துக்கொள்வார். "சோப்பு போட்டுத்தானே கழுவறேன்" என்பான் அவன்.

அக்காவுக்கும் பல்செட்டுக்காரருக்கும் குழந்தை இல்லை. அதை ஒரு குறையாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. மாடியில் ஒருவன் இருந்தான், போதும் என்று இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் மாமனும் மச்சினனும் ஜீப்புக்கு அடியில் கிடப்பார்கள். வெளியே நாலு கால் மட்டும் தெரியும். துருவைச் சுரண்டி, ஓட்டையை வெல்டு வைத்து, பிரேக் ஷூ மாற்றி, கிளட்ச் மாற்றி, ஒரு வருஷம் அந்த வேலையே நடந்தது. என்னிடம் உடைந்த, தேய்ந்த பல் வைத்தியக் கருவி எது இருந்தாலும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். பல்லின் பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை இன்ஜினுக்குப் பின்னால் நீட்டி, எங்கே எண்ணெய் கசிகிறது என்று பார்ப்பார். மெழுகு செதுக்கும் கத்தியால் கார்புரேட்டர் துளையில் அடைத்த அழுக்கைக் குத்தி எடுப்பார். "இன்ஜினுக்கு ஸ்கேலிங் பண்றீங்களா மாமா?" என்று, பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவதை வைத்துத் தம்பி கேலி செய்வான். வண்டி ஓடத் தொடங்கியதும் அவன்தான் அதிகம் ஓட்டினான். ஆபீஸ் வண்டி பாதி நாள் ரிப்பேரில் கிடக்கும். பண்ணையிலிருந்து போன் வந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஒரு மழைக்காலத்தில் அவன் நனைந்து, முழங்கால் வரை சேற்றோடு வீடு வந்து சேர்ந்தான். மலைக்குப் போகும் வழியில் ஒரு ஓடை. வயிற்றுக்குள் கன்று குறுக்கே திரும்பிக்கொண்டு ஒரு பசு தவிப்பதாகப் போன் வந்து கிளம்பியவன், ஓடையில் வண்டி வயிறு தட்டி நின்றுபோய் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டான். நடந்து போய்ச் சேர்ந்தபோது பசுவும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். டீ போட்டுக் கொடுத்தாராம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"இன்னும் நாலு இன்ச் உயரம் இருந்திருந்தா போயிருப்பேன் மாமா" என்றான் தலையைத் துவட்டியபடி.

பல்செட்டுக்காரர் அன்றைக்கே அளவு எடுக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு மாசம் வேலை. பட்டை ஸ்பிரிங்குகளில் இன்னொரு பட்டை சேர்த்தார். அதைத் தாங்குகிற இரும்புத் துண்டுகளை நீளமாக்கினார். பெரிய டயர் போட்டார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு முறுக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு முறுக்கினார். டயர் பெரிதானதால் மாற்று டயர் பழைய இடத்தில் பொருந்தவில்லை; இப்போதைக்கு இருக்கட்டும் என்று கூரை மேல் கட்டினார். தம்பியின் மருந்துப் பெட்டியும் கூரை மேல் போனது. வேலை முடிந்ததும் ஜீப் தெருவில் நிமிர்ந்து நின்றது. அக்கா ஏறுவதற்குத் தனியாக ஒரு படி வைக்க வேண்டியிருந்தது.

முதல்முறை ஓட்டிப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினார். வண்டி சாய்ந்து, ஒரு நொடி யோசித்து, பிறகுதான் நேரானது. அந்த ஒரு நொடியை அவர் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. பக்கத்தில் தம்பி, "கப்பல் மாதிரி இருக்கு மாமா!" என்று சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உயரத்தைக் கூட்டினால் அகலத்தையும் கூட்ட வேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளி வைக்க நாலு வளையம் வேண்டும். மறுநாளே படம் வரைந்து ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் லேத்துக்காரரிடம் கொடுத்தார். பத்து நாள் ஆகும் என்றார் லேத்துக்காரர்.

"வளையம் மாட்டற வரைக்கும் இதை மலைக்கு எடுக்காதே. ஊருக்குள்ள மட்டும். புரியுதா?" என்று தம்பியிடம் சொன்னார்.

"சரி மாமா. சத்தியமா எடுக்கமாட்டேன்." பிறகு கண்ணைச் சிமிட்டி, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கவுந்துடும்னு கேட்டா கொட்டகைக்கே பூட்டுப் போட்டுடும்" என்றான்.

அதற்கு அவர் ஒப்புக்கொண்டார். அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த வண்டி மேல் பயம். கேலியில்தான் அதை மறைத்துக்கொண்டிருந்தார். பத்து நாள்தானே, எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும் என்று இவரும் விட்டுவிட்டார். ஆனால் சாவியை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வழக்கமான ஆணியில் மாட்டாமல், தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லேப்புக்குப் போனார். ஆறு நாள் அப்படிச் செய்தார். ஆறாம் நாள் சாயங்காலம் அக்கா கேட்டார்: "என்னங்க, ஜீப் சாவியைப் பையில வெச்சுக்கிட்டுச் சுத்தறீங்க? யாராவது திருடிட்டுப் போயிடுவாங்களா, இதை?"

அவர் சாவியை வெளியே எடுத்தார். "மறந்துட்டேன்" என்று சொல்லி ஆணியில் மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. அதே ஓடைக்கு அந்தப் பக்கம், வேறொரு பண்ணை. கன்று திரும்பிக் கிடக்கிறது. ஆபீஸ் வண்டி இல்லை. பல்செட்டுக்காரர் லேப்பில் இருந்தார். அக்காவுக்கு அன்றைக்கு மதியம்தான் டியூட்டி. தம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்தான். ஓடையைத் தாண்டினான். இரண்டு மணி நேரம் போராடி, கன்றையும் காப்பாற்றினான், தாயையும் காப்பாற்றினான். திரும்பி வரும்போது, மூன்று மணி வெயிலில், ஈரமில்லாத ரோட்டில், ஒரு வளைவில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று எதிரே வந்தது. ஒதுங்குவதற்காகத் திருப்பினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

சைக்கிள்காரருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மெதுவாத்தாங்க வந்தாரு. எனக்காகத்தான் ஒதுங்கினாரு. வண்டி அப்படியே படுத்துடுச்சுங்க."

படுத்துவிட்டது என்ற சொல்லைக் கேட்டதுமே பல்செட்டுக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அங்கே இருந்தேன். துக்கம் என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, அக்கா அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் நீங்கதானே மாத்தினீங்க?"

"ஆமா."

"சரியா முறுக்கினீங்களா?"

"முறுக்கினேன்."

"வண்டியை வீட்டுக்குக் கொண்டுவாங்க. நான் பார்க்கணும்."

நசுங்கிய ஜீப் மறுபடியும் லாரியில் வந்து அதே கொட்டகையில் இறங்கியது. நான் அதைப் பார்த்தது மூன்று வாரம் கழித்து. அவர் அனுப்பிய செட் வரிசையாக மூன்று பேருக்குக் கடி சரியில்லாமல் திரும்பி வந்தது. அதுவரை ஒருதரமும் நடக்காதது. மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன்.

கொட்டகை தரையில் பழைய துணியை விரித்து, அதில் ஜீப்பைத் துண்டு துண்டாகக் கழற்றி அடுக்கியிருந்தார். அக்கா ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, முறுக்கு எழுதிய நோட்டை மடியில் வைத்திருந்தார். அவர் ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைப்பார். "இது முன்பக்க வலது பிரேக் குழாய்" என்பார். அக்கா நோட்டைப் பார்த்து அளவைச் சொல்வார். அவர் முறுக்கை அளக்கும் கருவியால் பார்த்து, "சரியா இருக்கு" என்பார். அக்கா எழுந்து வந்து தானே ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். பிறகுதான் கழற்ற விடுவார்.

"ஏதாவது ஒண்ணு உடைஞ்சிருக்கணும் டாக்டர்" என்றார் என்னைப் பார்த்து. "ஒண்ணும் உடையாம எப்படி ஒரு வண்டி கவுழும்? இருபத்தஞ்சு வருஷமா பஸ்ஸோட இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பல்செட்டுக்காரர் அடுத்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்.

ஐந்து வாரம் அந்த வேலை நடந்தது. பிரேக், ஸ்டியரிங், அச்சு, ஸ்பிரிங், சக்கர நட்டு, ஒன்றில்கூடக் குறை இல்லை. கடைசி நட்டையும் பார்த்து முடித்த அன்று அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதார். தம்பி போனதற்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதார். பிறகு கணவரின் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைச் சந்தேகப்பட்டேங்க. மன்னிச்சிடுங்க" என்றார். போனில் சித்தியிடம், "அவர் வேலை சுத்தம் சித்தி. அவன் விதி" என்றார். என் கிளினிக்குக்கு வந்து அதையே என்னிடமும் சொன்னார். ஒரு வாரம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

அந்த ஒரு வாரம் தனக்கு எப்படி இருந்தது என்று பிறகு அவர் சொன்னார்: "அவ மன்னிப்புக் கேட்டப்போ என் கையை யாரோ இழைக்கிற மிஷின்ல விட்ட மாதிரி இருந்துச்சு, டாக்டரம்மா. அவ தேடட்டும், ஏதாவது ஒரு நட்டு லூசா இருந்தா நல்லாயிருக்கும்னு நானும் தேடினேன். லூசான நட்டுன்னா கை தவறினதுன்னு சொல்லலாம். இது தவறலையே. நான் யோசிச்சு, அளந்து, செஞ்சது."

அந்த வாரக் கடைசியில் லேத்துக்காரர் வந்தார். இடையில் உடம்பு சரியில்லாமல் கிடந்ததால் வேலை தாமதமாகிவிட்டதாம். ஊரின் அந்தக் கோடியில் இருப்பவர். இங்கே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பல்செட்டுக்காரர் வீட்டில் இல்லை. அக்காதான் கதவைத் திறந்தார்.

"சார் ரொம்ப அவசரம்னு சொன்னாரும்மா. மன்னிச்சுக்கங்க" என்று ஒரு அட்டைப் பெட்டியை நீட்டினார்.

"என்ன இது?"

"சக்கரத்துக்கு வளையம். உசரமாக்கினதுல வண்டி சாயுதாமே? அகலமாக்கிட்டா சாயாது. அதுவரைக்கும் மலை ரோட்டுல எடுக்கறது ஆபத்துன்னு சார்தான் சொன்னாரு."

பல்செட்டுக்காரர் சாயங்காலம் வீடு வந்தபோது நாலு வளையமும் சாப்பாட்டு மேஜை மேல் இருந்தன. அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சாயுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முதல் நாள்லேருந்து."

"அவனுக்குத் தெரியுமா?"

அந்த இடத்தில்தான் அவர் நின்றார். ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். அதற்குள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாகச் சொன்னார். தம்பிக்குத் தெரியும் என்று சொன்னால், அவன் எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ததும் வெளியே வரும். சத்தியம் செய்தவன் ஏன் எடுத்தான் என்ற கேள்வி வரும். அன்றைக்குக் காலையில் வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று அக்காவே துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். எதுவும் தெரியாமல் கொடுத்த சாவி. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் இவர். ஆனால் அதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியுமா?

"அவனுக்குத் தெரியாது" என்றார். "நான் அவன்கிட்ட சொல்லலை."

அக்கா வெகுநேரம் அவரையே பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் போயிருக்கமாட்டான்."

"ஆமா."

"ஒரே ஒரு வார்த்தை."

"ஆமா."

அக்கா எழுந்து மாடிக்குப் போனார். அன்றிலிருந்து தம்பியின் ரூமில்தான் இருந்தார். விவாகரத்து, சண்டை, தெரு சிரிக்கிற மாதிரி எதுவும் இல்லை. சமைத்து மேஜையில் மூடி வைப்பார். அவர் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுது, நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி. இந்த மாதிரி வார்த்தைகள் மட்டும் அந்த வீட்டில் நடந்தன.

ஒரு மாசம் கழித்து ஒரு மதியம், நோயாளிகள் யாரும் இல்லாத நேரத்தில் அவர் கிளினிக்குக்கு வந்தார். வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல், நேராகப் போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கூரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். இங்கே நான் எழுதியிருப்பதில் பாதி அன்றைக்குக் கேட்டது.

"நிஜத்தைச் சொல்லிடுங்க" என்றேன். "நீங்க அவனை எச்சரிச்சீங்க. அதையாவது அக்கா தெரிஞ்சுக்கட்டும்."

"தெரிஞ்சு? என்னை வெறுக்கறதுக்குப் பதிலா தன்னையே வெறுப்பா. இப்போ அவளுக்குத் தூக்கம் வருது, டாக்டரம்மா. மாடியில நடக்கற சத்தம் கேட்கலை. என்னை வெறுத்துக்கிட்டுத் தூங்கறா. தூங்கட்டும்." பிறகு எழுந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்பவும் சொல்லக்கூடாது."

சொல்லமாட்டேன் என்றேன்.

ஜீப்பை அவர் திரும்பப் பூட்டவே இல்லை. இன்ஜினைத் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார், பிள்ளைகள் கழற்றி மாட்டிப் பழகட்டும் என்று. கியர் பாக்ஸும் அங்கேயே போயிற்று. உயரமாக்கிய இரும்புத் துண்டுகளை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. யார் கைக்காவது கிடைத்து இன்னொரு வண்டியில் ஏறிவிடக்கூடாது என்று, கிரைண்டரை வைத்து ஒவ்வொன்றையும் மூன்றாக அறுத்துப் போட்டார். மிச்சக் கூட்டைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போனான். கொட்டகை காலியானது. பிறகு அதில் துணி காயப்போட்டார்கள்.

அவருடைய வேலை மறுபடியும் பழைய நிலைக்கு வந்தது. செட்டுகள் திரும்பி வரவில்லை. ஆனால் லேப்பிலேயே அதிக நேரம் கிடந்தார். யார் ஜீப்பைப் பற்றிக் கேட்டாலும், "அது போயிடுச்சுங்க" என்று முடித்துக்கொள்வார். வருஷா வருஷம் என்னிடம் ஒரே ஒருமுறை கேட்பார்: "அவ உங்ககிட்ட ஏதாவது பேசினாளா?" இல்லை என்பேன். நல்லது என்பார்.

ஆறு வருஷம் அப்படிப் போனது. போன வருஷம் ஒரு காலையில் லேப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஐம்பத்தாறு வயசு.

ஒரு மாசம் கழித்து அக்கா கிளினிக்குக்கு வந்தார். டிப்போ யூனிஃபாரப் புடவையில் இருந்தார். பல்லில் எதுவும் இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த கடைசி நோயாளி போகும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்.

"ஒண்ணு கேட்கறேன் டாக்டர். அவர் உங்ககிட்ட சொல்லியிருப்பார். இப்போ அவர் இல்லை, இனிமே சொல்லலாம். வண்டியை மலைக்கு எடுக்காதேன்னு அவர் என் தம்பிகிட்ட சொல்லியிருந்தாருல்ல?"

 கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அந்த முகம் ஒரு பக்கம். கடைசியில் தலையை ஆட்டினேன்.

அக்கா அதிரவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். "வளையம் வந்த அன்னிக்கே தெரியும். அன்னிக்குக் காலையில அவன் அடுக்களைக்கு வந்து சாவிக்கு முன்னாடி நின்னுகிட்டே இருந்தான், டாக்டர். கை எட்டற தூரம். எடுக்கலை. 'ஆபீஸ் வண்டி வர எவ்வளவு நேரமாகும்னு கேட்கட்டுமாக்கா'ன்னான். நான்தான் ஆணியிலேருந்து எடுத்து அவன் கையில திணிச்சேன். 'போன தடவை மாதிரி ஆகணுமா? அங்க ஒரு ஜீவன் தவிக்குது, நீ நின்னு யோசிச்சுக்கிட்டிருக்கியா'ன்னு திட்டினேன். அவன் எதுக்கு நின்னான்னு லேத்துக்காரர் பேசின உடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. மாமாவுக்கு வாக்குக் குடுத்துட்டு நின்னிருக்கான். சாயங்காலம் இவர் வந்து, நான் சொல்லலைன்னார். பொய்யுன்னு தெரிஞ்சுது. யாருக்காகச் சொல்றார்னும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அக்கா..."

"அந்தப் பொய் இல்லைன்னா நான் அன்னிக்கே கயித்தைத் தேடியிருப்பேன். அதைப் பிடிச்சுக்கிட்டேன். அவர் குடுத்தார், நான் வாங்கிக்கிட்டேன். முதல்ல ஒரு மாசம்னு நினைச்சேன். கொஞ்சம் தெம்பு வந்ததும் இறங்கி வந்து, எனக்குத் தெரியுங்கன்னு சொல்லிடணும்னு. ஒரு மாசம் ஒரு வருஷம் ஆச்சு. தினமும் படிக்கட்டு வரைக்கும் வருவேன். கீழே தட்டு கழுவற சத்தம் கேட்கும். என்னைக் காப்பாத்தினவரோட முகத்தைப் பார்த்து எப்படிப் பேசறதுன்னு தெரியாம திரும்பிப் போயிடுவேன். என்னங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா போதும். ஆறு வருஷம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை எதையும் பிடிக்காமல் வெறுமனே என் கைக்குள் கிடந்தது.

"அவர் உங்ககிட்ட என்னைப் பத்திக் கேட்டாரா?"

"வருஷா வருஷம் கேட்பாரு. நீங்க எங்கிட்ட ஏதாவது பேசினீங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. சொன்னேன். "நல்லதுன்னு சொன்னாரு."

அப்போதுதான் அக்கா உடைந்தார். சத்தமில்லாமல், வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு. நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள். நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.  ஒருவருடைய ரகசியத்தை ஆறு வருஷம் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் உதவாமல் போனவள் நான்.

கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டார். மணி பார்த்தார். "ரெண்டே காலுக்கு எனக்கு டியூட்டி" என்றார். வாசல் வரை கூடப் போனேன். நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. டிரைவர் அவரைப் பார்த்து, "ஏறுங்கக்கா" என்றார். அக்கா ஏறி, முன்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார்.